நாலு நிமிட நடை

ஜனவரி 20, செவ்வாய்

காலை ஏழரைக்கே வியர்வை. நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் இறங்கி டாக்ஸியில் மட்டாஞ்சேரி வர ஒன்றரை மணி நேரம். வைட்டிலா சிக்னலில் மட்டும் இருபது நிமிடம் நின்றோம். பெட்டி மூன்று, பை நாலு. சிங்கப்பூரில் வாங்கிய குடை டாக்ஸியோடு போய்விட்டது.

ரூம் சுத்தம். மாடி. ஜன்னலைத் திறந்தால் சுக்கு வாசனை. வீட்டுக்காரி ரோஸி சேச்சிக்கு அறுபது வயதிருக்கும், நைட்டி மேல் துண்டு. "ஆத்யமாயிட்டாணோ கொச்சியில்?" என்று கேட்டார். முதல் தடவையா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "ஆமாங்க, ஃபர்ஸ்ட் டைம்" என்றார்.

முதல் தடவையாம். நான் பிறந்த வீடு இந்த ஜன்னலிலிருந்து நாலு நிமிட நடை. பள்ளிவாசலைத் தாண்டி ஐஸ் கம்பெனி சந்தில் திரும்பினால் மூன்றாவது வாசல். அந்த வாசலில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையாக வந்து இறங்கிய மனுஷர் இவர். முப்பது வருஷம் ஆகிறது. சேச்சி அதற்குப் பிறகு இந்தத் தெருவுக்கு வந்தவராக இருக்கும். சேச்சி முன்னால் வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோபத்தில் எழுதுகிறேன். பின்னால் படித்தால் எனக்கே புரியாமல் போகும். ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பொள்ளாச்சியில் ஹார்டுவேர் கடையைக் கைமாற்றிவிட்ட பிறகு, ஆசியா சுற்றிப் பார்க்கலாம் என்றார். மூன்று வாரம். பாங்காக், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. கண் பட்டுவிடுமாம். வீட்டைப் பூட்டி, ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டு, திருட்டுத்தனமாகக் கிளம்பினோம். திரும்பும் டிக்கெட் கொச்சிக்கு என்றதும் சந்தோஷப்பட்டேன், மடச்சி. கொச்சி என்றால் அண்ணன் வீடு என்று நானாக நினைத்துக்கொண்டேன். இவர் ஆறு நாள் ரூம் போட்டிருக்கிறார். போனில் பட்டியல் வேறு. மட்டாஞ்சேரியில் பார்க்க வேண்டியவை ஒன்பது, சாப்பிட வேண்டியவை பதினாலு.

அண்ணன் வீட்டுக்கு என்று ஆரம்பித்தாலே ஒரே பதில். "கூப்பிட்டாரா?"

ஒன்பது வருஷமாக இதே பாட்டு. எங்கள் அத்தா மவுத்தான நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அண்ணன் போனில் கூப்பிட்டார். வீட்டு மாப்பிள்ளையை நேரில் வந்து, தட்டில் சர்க்கரையும் வெற்றிலையும் வைத்துக் கூப்பிடுவதுதான் எங்கள் இரண்டு பக்கத்திலும் முறை. அண்ணன் அப்போது காய்ச்சலில் கிடந்தார். அது இவர் காதில் ஏறவில்லை. போகவில்லை. நான் மட்டும் போய் அன்றைக்கே திரும்பினேன். மாமனாரின் நாற்பதுக்கு வராத மாப்பிள்ளை என்று அண்ணனும் பிடித்துக்கொண்டார். இவருக்கு வீம்பு, அவருக்கு ரோஷம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இன்றைக்கு ஊர் சிம்மைப் போட்டேன். பத்து நிமிடத்தில் போன், பொள்ளாச்சி எதிர்வீட்டுப் பரிமளா அக்கா.

"எங்க போயிட்ட நூரு? போன் போட்டுப் போட்டு வெரலே வலிச்சுப் போச்சு. உங்கண்ணன் வந்திருந்தாரு கண்ணு."

பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாராம். மடியில் துணி மூடிய தட்டு. பரிமளா அக்கா மோர் கொடுத்திருக்கிறார். இரண்டு மணிக்கு ஒரு கவரை அக்கா கையில் கொடுத்துவிட்டு, தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

"போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமேன்னு கேட்டேன். இல்லீங்க, அவருக்குப் போன்ல சொன்னாப் புடிக்காதுன்னுட்டாரு."

கவரைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். ஷிபானாவுக்கு நிக்காஹ். இந்த ஞாயிறு, இருபத்தைந்து. தோப்பும்படியில் ஹால்.

ஷிபானா அண்ணனின் ஒரே மகள். எங்கள் வீட்டில் கல்யாணப் பெண்ணுக்கு முதல் மருதாணியை மாமிதான் வைக்க வேண்டும். மாமி என்றால் பெண்ணின் அத்தாவோடு பிறந்தவள். அண்ணனோடு பிறந்தவள் நான் ஒருத்திதான். சனிக்கிழமை மருதாணி. நான் இருப்பது நாலு நிமிட தூரத்தில்.

இவரிடம் சொன்னேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"எதிர் வீட்ல குடுத்துட்டுப் போனா அது கொரியர். அதைக் கூப்பிட்டதாச் சொல்ல முடியாது."

"நாலு மணி நேரம் படியில உட்கார்ந்திருந்திருக்கார்."

"நாம இல்லைன்னா இன்னொரு நாள் வரணும். முறைன்னா முறை."

மதியம் கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும். நான் தொடவில்லை. இவர் போனில் நாலு ஸ்டார் போட்டார். ஒரு ஸ்டார் குறைந்தது காரத்துக்காம்.

ஜனவரி 21, புதன்

காலையில் மேகம், பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். கால் வீங்கியிருக்கிறது. பாங்காக்கில் வாங்கிய செருப்பு கடிக்கிறது.

பார்த்தவை: அரண்மனை, யூதர் கோயில், கடிகாரக் கோபுரம், பழைய சாமான் கடைகள் (வாங்கியது ஒன்றுமில்லை, விலை கேட்டது எல்லாவற்றையும்). குடித்தவை: குலுக்கி சர்பத் இரண்டு, சாயா மூன்று. தின்றவை: பழம்பொரி, சமோசா, ஒரு குஜராத்திக் கடையில் ஜிலேபி.

எல்லா இடத்திலும் எனக்குப் பாடம். போனைப் பார்த்துப் படித்து, "இங்க பாரு நூரு, இந்த அரண்மனையைக் கட்டிக் கொடுத்தது போர்த்துகீசியக்காரங்க" என்கிறார். நான் ஐந்தாம் வகுப்பில் இந்த அரண்மனை மதில் பக்கத்தில்தான் புளியங்காய் தின்றுகொண்டு நிற்பேன். சாக்குக் குவியலில் ஒரு பிடி அள்ளி, "இதுதான் சுக்கு, இஞ்சியைக் காய வெச்சது" என்று என் மூக்கருகில் நீட்டினார். என் அத்தாவுக்கும் சுக்கு வியாபாரம். அண்ணனுக்கும் சுக்கு வியாபாரம். என் கல்யாணத்துக்கு நகை வாங்கியது சுக்கு விற்ற காசில்.

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சாலும் கேளேன், நல்லா எழுதியிருக்கான்."

மண்டித் தெருவுக்குள் நான் வரவில்லை என்று சர்பத் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கடை அங்கேதான். எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது? இவர் தொப்பியும் முதுகுப் பையுமாக உள்ளே போய் அரை மணி கழித்து வந்தார். படம் எடுத்தாராம்.

மாலை நாலு மணி. இவர் தூங்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். மூட்டை முன்னால் இவர், வண்டி முன்னால் இவர், தராசு முன்னால் இவர். பதினாறாவது படத்தில் இவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு கடை. வாசலில் வெள்ளைச் சட்டை, கைலி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். யூசுப் அண்ணன். முன் தலையில் முடியே இல்லை. இவ்வளவு வயதாகிவிட்டது, எனக்குத் தெரியாது.

எழுப்பினேன். போனை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது யாரு?"

"யாரோ கடைக்காரன்."

"யாரோ கடைக்காரன்?"

கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார். "பார்த்தேன். அவரும்தான் பார்த்தார். வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாரா?"

ஆக இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். பத்தடி தூரத்தில். ஒருத்தர் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார், இன்னொருத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபதை நெருங்குகிற ஆண்பிள்ளைகள். இரண்டு கன்னத்திலும் அறையலாம் போலிருந்தது, இரண்டு பேரையும்.

ஜனவரி 22, வியாழன்

துணி துவைத்தது: சட்டை நாலு, என்னுடையது இரண்டு. மொட்டை மாடியில் காயப் போட்டேன். அங்கிருந்து ஐஸ் கம்பெனிக் கூரை தெரிகிறது. அதற்கு அப்பால் நீலத் தார்ப்பாய். பந்தல் போட்டுவிட்டார்கள்.

அண்ணன் மனைவி சுபைதா மச்சி அண்ணனுக்குத் தெரியாமல் என் நம்பருக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, கழிவறையிலிருந்து பேசுகிற மாதிரி.

"நூரு, நீ இவிடெ உண்டுன்னு அவர் நேத்து யார்கிட்டயோ விசாரிச்சு வந்து சொன்னார். அப்புறம் சோறே திங்கலை. ஊருக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கினவங்களை இனி ரெண்டாம் தடவை போய் விளிக்க மாட்டேங்கிறார். நீ ஒண்ணு வாயேன். ஷிபானா உன்னைக் கேட்டுக் கரையறா, கண்ணு ரெண்டும் வீங்கிப் போச்சு."

வருகிறேன் என்று சொல்லவும் முடியவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நான் தனியாகப் போய் நின்றால், மாப்பிள்ளை எங்கே என்று கல்யாண வீடு முழுக்கக் கேட்கும். நாற்பதாம் நாளன்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. போனை வைத்ததும் இந்த நோட்டைத் திருப்பினேன். அண்ணன் எங்கள் படியில் உட்கார்ந்திருந்த நாளில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று பார்க்க. என் கையெழுத்திலேயே இருக்கிறது.

"11, ஞாயிறு. பினாங்கு. கடும் வெயில். இவர் எங்கோ படித்த ஒரு சாப்பாட்டுக் கடையைத் தேடி ஊருக்கு வெளியே போனோம். ரோட்டை அடைத்துப் பந்தல், வரிசையாகச் சட்டிகள், எல்லோரும் தட்டும் கையுமாக. இதுதான் அந்தக் கடை, பஃபே என்று இவர் தட்டெடுத்தார். நானும். மாட்டுக்கறி, நெய்ச்சோறு, அன்னாசி ஊறுகாய். இவர் மூன்று தடவை வாங்கினார். எழுந்து போய் பில் கேட்டார். பச்சைப் பட்டுச் சட்டை போட்ட பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடை இல்லையாம். அவர் மகள் கல்யாணமாம். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. அவரோ இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கிளம்பும்போது ஆளுக்கு ஒரு அவித்த முட்டை, சின்னப் பெட்டியில், மேலே காகிதப் பூ செருகி. அவர்கள் வழக்கமாம். இவர் அஞ்சு ஸ்டார் போட்டார்."

படித்து முடித்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காகிதப் பூ இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. எடுத்து இவர் சாயா டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தக் கல்யாணத்துக்கு உங்களை யார் கூப்பிட்டது? தட்டில் சர்க்கரை வைத்து பொள்ளாச்சிக்கு வந்தார்களா?"

"அது தெரியாம நடந்தது."

"தெரியாமல் மூன்று தடவை மாட்டுக்கறி வாங்கினீர்கள். முன்னே பின்னே தெரியாத வீட்டில், ஒரு வார்த்தை மலாய் தெரியாமல். அதே நேரத்தில் என் கூடப்பிறந்தவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் படியில் உட்கார்ந்திருக்கிறார்."

"அவர் வர்றார்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"யாருக்கும் சொல்லாதே என்றது யார்? சிம்மைக் கழற்றச் சொன்னது யார்?"

 பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு சீன வலை பார்க்கப் போனார். பார்க்க வேண்டியவையில் ஏழாவது. போகும்போது பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார், எதற்கென்று தெரியவில்லை.

நான் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு பசித்தது. சேச்சி கொடுத்த புட்டும் கடலையும். நன்றாயிருந்தது, கோபத்தில் கூட.

ஜனவரி 23, வெள்ளி

இவர் ஜும்ஆவுக்குப் போனார். தெருப் பள்ளிவாசல்தான். அண்ணனும் அங்கேதான் தொழுவார். ஒன்றேகாலுக்குத் திரும்பினார், முகம் சரியில்லை.

"இருந்தாரா?"

"முன் வரிசையில."

"சலாம் சொன்னீர்களா?"

"எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னேன்."

அல்லாஹ்வின் வீட்டிலும் இப்படியா என்று கேட்டேன். பிரியாணி சாப்பிடப் போகிறேன், வருகிறாயா என்றார். போகவில்லை.

மூன்று மணிக்கு ரோஸி சேச்சி மேலே வந்தார். சேலை கட்டி, பவுடர் போட்டு. கையில் ஒரு பத்திரிகை. எங்கள் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"ஞாயிறாழ்ச இவிடெ ஒரு கல்யாணம் உண்டு. நிங்கள் ரெண்டுபேரும் வரணும் கேட்டோ. நம்மளோட யூசுபிக்கா, அவருடெ மோள். ரூமில் தாமசிக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வரணும்னு பிரத்யேகம் பறஞ்ஞிட்டுண்டு. ஒராளையும் விடக்கூடாதுன்னு."

கீழ் ரூமில் ஒரு பெல்ஜியம் ஜோடி. அவர்களுக்கும் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் சேலை கட்டிவிடச் சொல்லிக் கேட்கிறாள்.

சேச்சி போனதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் பாஸான பையன்.

"பாத்தியா, நேர்ல வந்து கூப்பிட்டிருக்காங்க. வயசானவங்க, கை கூப்பி. போகாம இருந்தா மரியாதையில்லை."

"யாராகப் போகிறீர்கள்?"

"சேச்சியோட கெஸ்டா."

"நான்?"

"நீயும்தான்."

எனக்கு வந்த கோபத்துக்குத் தண்ணீர் ஜாடியை உடைத்திருப்பேன். அண்ணன் மூளை புரிகிறது. ஊரெல்லாம் தெரிந்த சேச்சியிடம் சொல்லி, எல்லோரையும் கூட்டி வா என்று பொத்தாம்பொதுவாக ஒரு வலை வீசியிருக்கிறார். இவரும் துள்ளிக்கொண்டு விழுகிறார். இறங்கி வந்ததாக ஒருத்தருக்கும் பேர் வராது. நன்றாயிருக்கிறது. ஷிபானாவின் மாமி, பெல்ஜியம்காரி பக்கத்தில் நின்று பெண்ணை வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதானே.

சேச்சியின் கெஸ்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் அழைப்பு. சனிக்கிழமை மருதாணிக்கு யாரும் டூரிஸ்டைக் கூப்பிடமாட்டார்கள்.

யார் வேண்டுமானாலும் எதுவேண்டுமானாலும் கேட்கட்டும். நாளைக்கு நான் போகிறேன். தனியாக.

ஜனவரி 24, சனி

காலையில் ஒரு தூறல். கடைத்தெருவில் மருதாணி இலை வாங்கினேன். கோன் எல்லாம் வேண்டாம், இலைதான். சேச்சியின் அம்மியில் நானே அரைத்தேன். இவர் கட்டிலில் படுத்தபடி, "நாளைக்குத்தான் போறோமே, இன்னிக்கு எதுக்கு?" என்றார். கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டேன். கையெல்லாம் சிவப்பு.

பதினோரு மணி. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. கோபத்தில் நடந்ததால் மூன்று.

அண்ணன் வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றுவிட்டார். கண் கலங்கியது, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வா. டூரெல்லாம் எப்படி?"

"அண்ணே."

"நான் அறிஞ்சேன், புதனாழ்ச்சையே அறிஞ்சேன். என்ட தங்கச்சி, என்ட ஊர்ல, ஹோம்ஸ்டேல. நாட்டுக்காரங்க கேட்டா நான் என்ன பறயணும் நூரு? என்ட வீட்ல பாய் இல்லைன்னா?"

"கேட்காதவங்க யாரு? உங்க வீட்டுக்குப் போகலாம்னா கூப்பிட்டாரான்னு அவர் கேக்கறார். இங்கே வந்தா ஏன் ரூம்னு நீங்க கேக்கறீங்க. நான் என்ன பண்ணட்டும், நடு ரோட்டுல நிக்கட்டுமா?"

"நான் நாலு மணிக்கூர் அவன் படியில இருந்தேன். அஞ்சு மணிக்கூர் பஸ்ஸுல போய். எதிர்வீட்டு அம்மா மோர் தந்தா. நாணக்கேடு."

"தெரியும். அழுதேன். சேச்சிகிட்ட எல்லாரையும் கூட்டி வான்னு சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு, நாலு நிமிஷம் நடந்து வந்து நூரு, வாடீன்னு சொல்லத் தெரியலையா? அவரை விடுங்க. என்னை. நான் உங்க மாப்பிள்ளையா? எனக்கு எதுக்குத் தட்டு?"

அண்ணன் நாற்காலியைக் கீழே வைத்தார். அதை எடுத்து அடுக்கினார், மறுபடியும் இறக்கினார். பந்தல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சி உள்ளேயிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஷிபானா. கடைசியாகப் பார்த்தபோது பதினாலு வயது, பல்லில் கம்பி. இப்போது என்னைவிட உயரம். களமசேரியில் எம்.எஸ்ஸி. முடித்தாளாம். தமிழ் பேசுகிறாள், பாதி மலையாளம். "மாமி வரலைன்னா நான் கை நீட்ட மாட்டேன்னு காலையில முதல் இருந்துட்டிருக்கேன்" என்றாள். அவளுடைய சிநேகிதிகள் கோன் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு வந்தவர்களாம். இரண்டு மணி நேரமாகக் காக்க வைத்திருக்கிறாள்.

உள்ளங்கை நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். வட்டம் கோணலாகிவிட்டது. அழிக்கப் பார்த்தேன், விடவில்லை.

"இருக்கட்டும் மாமி. மாமா எங்கே?"

"டூர்ல இருக்கார்" என்றேன். சிநேகிதிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ரூமுக்குத் திரும்பவில்லை. போனில் இவருக்கு ஒரு வரி: இங்கே தங்குகிறேன், இஸ்திரி போட்ட சட்டை அலமாரியில். வருகிறாயா, வரமாட்டாயா என்று பதில். நான் வந்துதான் இருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளைக்குப் பாலக்காடு, மருந்துக் கம்பெனியில் வேலை, சாதுவான முகம். ஹாலில் ஏ.சி. வேலை செய்யவில்லை. என் பட்டுச் சேலை முழுக்க வியர்வை.

இப்போது மணி ஐந்து. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பன்னிரண்டரைக்கு ரோஸி சேச்சி படை திரட்டிக்கொண்டு வந்தார். முன்னால் சேச்சி, அடுத்து பெல்ஜியம் ஜோடி (அந்தப் பெண் சேலையைப் பின் குத்திக்கொண்டு பயந்து பயந்து நடக்கிறாள்), கடைசியில் இவர். தொப்பி. முதுகுப் பை. கழுத்தில் கேமரா. இஸ்திரி போட்ட சட்டையைப் போடவில்லை. டூரிஸ்ட் வேஷத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், ஹோட்டல் லாபியில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி. என் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி, "அது நூருட மாப்ளையில்லே?" என்றாள். நான் காது கேட்காத மாதிரி நின்றேன்.

சாப்பாட்டுப் பந்தி. நான் ஹால் கதவருகே நின்றேன். இவர் பெல்ஜியம்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரியாணியை எப்படிக் கையால் பிசைவது என்று அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பரிமாறுகிறவரிடமிருந்து தட்டைப் பிடுங்கி, தானே வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தார். இவர் முன்னால் வந்து நின்றார். 

அண்ணன் கேட்டார். "சாருக்கு எவிடெயிருந்து?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். "பொள்ளாச்சி."

"அங்கே ஒரு நாள் வந்திருந்தேன். வீடு பூட்டியிருந்தது."

"கேள்விப்பட்டேன்." தொப்பியைக் கழற்றிவிட்டு, "தப்புதான் மச்சான்" என்றார்.

 அண்ணன் தட்டிலிருந்த பெரிய துண்டைத் தேடி எடுத்து இவருக்கு வைத்தார். பிறகு இன்னொன்று. "தின்னு மாப்ளே, ஆறிப்போகும்" என்றார்.

அவ்வளவுதான். ஒன்பது வருஷம், ஒரு பிரியாணித் துண்டில் தீர்ந்தது.

நான் சந்தோஷப்பட வேண்டும். மச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படச்சவன் கண் திறந்தான்" என்கிறார். எனக்கு எரிகிறது. பந்தி முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றிப் பத்துப் பேர். இவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதப் பூவை எடுத்து, பினாங்குக் கதையைச் சொல்கிறார். பில் கேட்டதை நடித்துக் காட்டுகிறார். நான் இவர் முகத்தில் விட்டெறிந்த கதை. கைதட்டிச் சிரிக்கிறார்கள். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமுகிறார். "அதான் அன்னிக்கு வீட்ல இல்லையோ, வேற கல்யாணத்துக்குப் போயிட்டியோ" என்கிறார். அதற்கும் ஒரு சிரிப்பு.

அத்தாவை அடக்கிய கபுருக்கு நான் ஒன்பது வருஷமாக வரவில்லை. ஷிபானாவின் பட்டமளிப்பைப் போனில் பார்த்தேன். ஆபரேஷன் நடந்ததை மச்சி பரிமளா அக்காவிடம் போனில் சொல்லி, அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும், எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த இரண்டு பேரும் சண்டை போட்டபோது என்னிடம் கேட்கவில்லை. ராசியானபோதும் கேட்கவில்லை. பெஞ்சிலிருந்து ஒருத்தர்கூடத் தலையைத் தூக்கி, நூரு எங்கே என்று பார்க்கவில்லை.

ஷிபானா காரில் ஏறும்போது மருதாணிக் கையைக் காட்டினாள். நடுவில் என் கோணல் பொட்டுதான் நன்றாகச் சிவந்திருந்தது.

ஜனவரி 26, திங்கள்

வெயில். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பந்தல் பிரிக்கிறார்கள். மீந்த நெய்ச்சோறு, தாளிச்சா. காலையில் அதுவேதான் எல்லோருக்கும்.

நேற்று ராத்திரி அண்ணன் எவ்வளவோ சொல்லியும் இவர் ரூமுக்கே போய்விட்டார். பெட்டியெல்லாம் அங்கே இருக்கிறதாம். நான் இங்கே. விடிந்ததும் அத்தா கபுருக்கு அண்ணனோடு போய் வந்தேன்.

பத்தரைக்கு போன்.

"நூரு, பெட்டியெல்லாம் கட்டிட்டேன். ரெண்டு மணிக்கு ரயில். நீ ஐஸ் கம்பெனி முக்குக்கு வந்துரு. ஆட்டோவுல ஏத்திக்கிறேன்."

"நான் வரவில்லை."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை."

"இப்பக் கூப்பிடறேனே."

"போனில் கூப்பிட்டால் கூப்பிட்டதாக ஆகாது. நேரில் வாருங்கள். தட்டு வேண்டும். சர்க்கரை, வெற்றிலை. தொப்பி வேண்டாம். வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். முறைன்னா முறை."

"கிண்டல் பண்றியா? ரயில் போயிடும்."

"போகட்டும். இது போனால் இன்னொரு ரயில்."

வைத்துவிட்டேன். அண்ணன் சாய்வு நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எந்தா நூரு இது, சின்னப் பிள்ளை மாதிரி? இத்ற சின்ன விஷயத்துக்கு அவனை எதுக்குப் பாடுபடுத்தறே?" என்றார்.

திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அண்ணனிடமும் எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது. அதற்கும் நாள் வரும்.

மச்சி அடுப்படியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

போன் மறுபடியும் அடித்தது. மூன்று தடவை. எடுக்கவில்லை. வெற்றிலைக் கடை பள்ளிவாசலை ஒட்டி இருக்கிறது. சர்க்கரை எங்கேயும் கிடைக்கும். தட்டு சேச்சியிடம் கேட்டால் தருவார்.

மணி பதினொன்றே கால். வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். இந்த நேரத்தில் படியில் வெயில் இல்லை. இவர் வந்தால் உட்காரலாம்.